ஒலிவ் பச்சைச் சுவர்

அண்மையில் வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க ஏற்பாடாயிற்று. தன் அறைக்கு எந்த நிறம் வேண்டும் என்று மகளிடம் கேட்டேன். நிற அட்டையில் கடும் ஒலிவ் பச்சையைத் தொட்டுக் காட்டினாள்.

"அது ஆமிப் பச்சையல்லோ பிள்ளை?"

"இல்லை அப்பா, ஒலிவ் காயின்ர நிறம்."

இரண்டும் உண்மைதான். என் தலைமுறைக்கு அது சீருடையின் நிறம். 1987இல் வடக்கிற்கு வந்த இந்தியப் படையினர் உடுத்திருந்ததும் அந்தப் பச்சையே. அதற்கு முன்னும் பின்னும் வீதித் தடைகளில் நின்ற ட்ரக் வண்டிகளும் அதே சாயலில்தான் இருந்தன. போர் 2009இல் முடிந்தது. கண்ணின் பழக்கம் முடியவில்லை.

நிறத்திற்கென்று தனிக் குணம் உண்டா, அல்லது நாம் இட்ட பெயர்தான் குணமாகிறதா? 2012 டிசம்பரில் அவுஸ்திரேலியாவில் சிகரெட் பெட்டிகள் அனைத்தும் ஒரே மங்கிய நிறத்திற்கு மாற்றப்பட்டன. பார்ப்பவரை விலகச் செய்யும் நிறம் என்று ஆய்ந்து தெரிவுசெய்யப்பட்டது அது. ஆரம்பத்தில் அதனை ஒலிவ் பச்சை என்றே அழைத்தனர். ஒலிவ் பயிர்ச்செய்கையாளர் சங்கம் ஆட்சேபிக்கவே, கடும் பழுப்பு என்று பெயர் மாறியது. நிறம் மாறவில்லை!

மஞ்சளோடு சிறிது கறுப்பைக் கலந்தாலே ஒலிவ் பச்சை பிறந்துவிடும். இலைக்கும் மண்ணுக்கும் இடைப்பட்ட நிறம் என்பதால், மறைந்திருக்க உதவும் என்று படைகள் அதனைத் தெரிந்தன. அறையிலும் அதே குணம்தான் பயன்படுகிறது. சுவர் பின்வாங்கி நிற்க, அதன் முன்னுள்ள தேக்கு அலுமாரியும் புத்தகங்களும் எடுப்பாகத் தெரியும்.

ஆயினும் கடும் நிறம் வெளிச்சத்தை விழுங்கும். சிறிய அறையின் நான்கு சுவர்களுக்கும் பூசினால் குகைதான். ஆகவே யன்னலுக்கு எதிரேயுள்ள ஒரு சுவருக்கு மாத்திரம் என்று உடன்பாடு கண்டோம். முதலில் ஒரு முழ அகலத்திற்கு இருமுறை பூசிக் காயவிட்டோம். காலை வெயிலில் அது பச்சையாக இருந்தது. வெள்ளை மின்குமிழின் கீழ் சாம்பல் பூத்தது. மஞ்சள் குமிழில் பழுப்போடிக் கனிந்தது. மகள் மஞ்சள் குமிழையே தெரிவுசெய்தாள். பளபளப்பான பூச்சு சுவரின் மேடுபள்ளங்களைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், பளபளப்பில்லாததையே பூசுவித்தோம். கூரைத் தட்டு வெள்ளையாகவே இருக்கிறது.

வேலை முடிந்த அன்று மாலை அந்த அறைக்குள் நுழைந்தேன். என் கை தானாகவே சட்டைப் பையைத் தடவியது. அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்திருக்கிறது.

மகள் அதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு அது ஒலிவ் காயின் நிறமாகவே இருக்கட்டும்.