கறளும் ட்றை ஐஸும்

தீவுப்பக்கம் வாகனம் வைத்திருக்கிற ஆரையும் கேட்டுப் பாருங்கோ. எஞ்சினைப் பற்றி ஐந்து நிமிசம் கதைத்தால் கறளைப் பற்றி அரை மணித்தியாலம் கதைப்பினம். பண்ணைப் பாலத்தில் ஏறினவுடன் இரண்டு பக்கமும் கடல். வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறை மட்டும் காற்றோடு உப்பு வரும். உப்பு கலந்த ஈரம் மின்னை நன்றாகக் கடத்தும். அதனால் இரும்பு கெதியாகக் கறள் பிடிக்கும். மேலே பெயின்ற் மினுங்கிக்கொண்டிருக்க, கீழே செசியைக் கறள் தின்னும்.

எங்கட சித்தப்பாவின் பழைய எல்ஃப் லொறி மீன் ஏற்றுகிற லொறி. மீன்பெட்டியில் இருந்து வடிகிற ஐஸ் தண்ணியும் உப்புத்தான். புதுசு வாங்கலாமே என்று கேட்பது லேசு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் பழசுகளின் விலையே கைக்கு எட்டாமல் போய்விட்டது. யுத்த காலத்தில், பொருளாதாரத் தடைக்குள், மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மண்ணெண்ணெயில் ஓட்டின சனம் நாங்கள். பழசைக் காப்பாற்றுவது இங்கே பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு.

அதனால்தான் யூடியூப்பில் ட்றை ஐஸ் அடிக்கிற வீடியோக்களைப் பார்த்ததும் எங்களுக்குப் பித்துப் பிடித்தது. ட்றை ஐஸ் என்றால் திண்மமாக்கிய காபனீரொட்சைட்டு. மேடை நாடகத்தில் புகை விடுகிற அதே சாமான். பூச்சியத்துக்குக் கீழே 78.5 பாகை செல்சியஸ் குளிர். அதை அரிசி போன்ற குறுணிகளாக்கி, அமுக்கிய காற்றோடு அடிப்பார்கள். குளிரில் கிறீஸும் பழைய தாரும் இறுகி வெடிக்கும். குறுணி பட்டவுடன் வாயுவாகிப் பல நூறு மடங்கு விரிந்து அழுக்கைக் கிளப்பி எறியும். மணல் அடித்தால் பிறகு மணலையும் அள்ள வேணும். இதில் விழுந்த அழுக்கை மட்டும் கூட்டினால் போதும். 1970களில் அமெரிக்காவின் லொக்ஹீட் நிறுவனத்தில் விமானங்களின் பெயின்ற் உரிக்க முயன்ற முறை, இப்போது பணக்காரரின் பழைய போர்ஷே கார்களின் அடிப்பக்கத்தைத் துப்புரவாக்குகிறது.

எங்களைக் கூடுதலாக இழுத்தது, இதற்குத் தண்ணி வேண்டாம் என்பதுதான். நெடுந்தீவில் குடிதண்ணிக்கே பாடு. தீவுகளில் கன கிணறுகள் உவர். உவர்த் தண்ணியால் செசியைக் கழுவுவது கறளுக்குத் தீன் போடுகிற வேலை.

ஆனால் அந்த ஐஸ் இங்கே வந்து சேர வேணுமே? வீட்டுப் பிறீசரில் வைத்தாலும் நிற்காது. நல்ல பெட்டிக்குள்ளேயே நாளுக்கு நாள் கரைந்து காற்றாகிப் போகும். ரயருக்குக் காற்றடிக்கிற சின்னக் கொம்பிரசரும் காணாது. தூரத்தில் இருந்து குறிகட்டுவானுக்குக் கொண்டுவந்து, வள்ளத்தில் ஏற்றி, நெடுந்தீவில் இறக்கேக்குள்ளே பெட்டியின் நிறை எவ்வளவு குறைந்திருக்கும்? இன்னொன்று, காபனீரொட்சைட்டு காற்றைவிடப் பாரம். கராஜ் கிடங்குக்குள் நின்று அடித்தால் அது அடியில் தேங்கி ஆளின் மூச்சையே நிறுத்தும். வாகனத்தை உயர்த்தி, திறந்த வெளியில் வைத்துத்தான் செய்ய வேணும்.

வீடியோக்கள் உரத்துச் சொல்லாத விசயமும் ஒன்று இருக்கு. ட்றை ஐஸ் மெதுவானது. கிறீஸையும் தளர்ந்த பூச்சையும் எடுக்கும், இறுகப் பிடித்த கறளை எடுக்காது. இரும்பு எந்த நிலையில் இருக்கு என்று காட்டும், அவ்வளவுதான்.

எங்கட வீட்டுச் சண்டையும் அந்தக் காட்டுவதைப் பற்றியதுதான். லொறியின் அடிப்பக்கம் முழுக்கத் தடிப்பான தார்ப் பூச்சு. "அதுக்கு மேலே இன்னொருக்கா அடிச்சுப்போட்டு வித்துவிடுங்கோ, ஆர் குனிஞ்சு பாக்கப் போறான்?" என்றார் தரகர். கடனை நினைத்துச் சித்தப்பாவும் அரைமனதோடு தலையாட்டினார். வாங்குகிறவன் அதே பண்ணைப் பாலத்தால்தான் ஓடப் போகிறான், பக்கத்து சீற்றில் பிள்ளையும் இருக்கும் என்று நாங்கள் நின்று பிடித்தோம். "படிச்ச பிள்ளையளின்ரை கதை" என்று சிரித்தார்கள். சித்தி மட்டும் சிரிக்கவில்லை. விற்கும் வரைக்கும் லொறியை ஓடுவது தம்பி.

கடைசியில் ட்றை ஐஸ் இல்லாமலே செய்தோம். சுரண்டி, கம்பி பிரஷ், சுத்தியல், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. நல்ல இரும்பைத் தட்டினால் கிண் என்று கேட்கும், உளுத்தது மொத்தென்று கேட்கும். பின் வில்லுத்தகடு பூட்டுகிற இடத்தில் சுத்தியல் உள்ளே போனது. மேலே தார் அப்படியே வழுவழுவென்று இருந்தது. உப்பு ஈரத்தை உள்ளே பூட்டி வைத்திருந்ததே அந்தத் தார்தான்.

வெல்டிங் பாஸ் உளுத்ததை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்தார். இரண்டு கிழமை ஓட்டம் இல்லை, கடன் இன்னும் கொஞ்சம் ஏறியது. லொறி விற்கப்படவில்லை. அடுத்த மாரி முடிய இன்னொருக்கா கீழே படுத்துத் தட்டிப் பார்க்க வேணும் என்று சித்தப்பாவே சொல்லியிருக்கிறார்.