நள்ளிரவில் ஒரு மியூசியம்

பழைய மெட்ராஸ்காரர்கள் எழும்பூர் மியூசியத்தைச் ‘செத்த காலேஜ்’ என்பார்கள். மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’. இரண்டுமே ஒரு வளாகத்தில் தொடங்கியவைதான். மியூசியம் 1851-ல் ஆரம்பமானது. அதன் வளாகத்திலேயே 1855-ல் மிருகக்காட்சி சாலை வந்தது. அது பிறகு இடம் மாறி, 1985-ல் வண்டலூருக்குப் போய்ச் சேர்ந்தது.

எனக்குப் பத்துப் பதினோரு வயது இருக்கும்போது தாய்மாமன் என்னை அந்தச் செத்த காலேஜுக்குக் கூட்டிப்போனார். மொரப்பூரில் ரயில் ஏறியதும், கட்டிக்கொண்டு போன புளிச்சோறும், மியூசியத்தில் பார்த்த திமிங்கல எலும்புக்கூடும் இன்னும் நினைவில் இருக்கின்றன. வேறு எதுவும் நினைவில்லை. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் கற்கள் இருந்திருக்கும். திமிங்கலத்தைப் பார்த்த பையன் கல்லைப் பார்ப்பானா? ஓடியே கடந்திருப்பேன். அந்தக் கல்லைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டியிருக்கிறது.

2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள், கம்ப்யூட்டரும் கையுமாகக் கம்பைநல்லூருக்கே வந்துவிட்டாள். நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். காலையில் டீக்கடை, பேப்பர், சாயந்திரம் கோயில் திண்ணை என்று ஓடிக்கொண்டிருந்த பிழைப்பு ஒரே நாளில் நின்றுபோனது. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். மோட்டார் போட்டாயா, கேட் பூட்டினாயா என்று எல்லோரையும் நச்சரித்தேன்.

“அப்பா, உங்களுக்கு ஒரு ஸ்கூல்ல அட்மிஷன் போட்டிருக்கேன்” என்று ஒருநாள் மகள் சொன்னாள்.

அது லண்டன் இயற்கை வரலாற்று மியூசியம். கதவைச் சாத்திவிட்டார்களே தவிர, உள்ளே இருக்கும் விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. ‘நேச்சர் லைவ் ஆன்லைன்’ என்ற பெயரில், அவரவர் வீட்டிலிருந்தே இணையம் வழியாகப் பொதுஜனங்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். காசு கிடையாது. அவர்களுக்குப் பகல், நமக்குப் பிற்பகல் காபி வேளை. ஒருவர் வண்டுகளைப் பற்றிப் பேசுவார், இன்னொருவர் விண்கல்லைப் பற்றி. அங்கேயும் ஒரு திமிங்கலம் இருக்கிறது. 1891-ல் அயர்லாந்துக் கடற்கரையில் ஒதுங்கிய நீலத் திமிங்கலம், 25 மீட்டர் நீளம். அதற்கு ‘ஹோப்’, அதாவது நம்பிக்கை என்று பெயர் வைத்து, 2017-லிருந்து பெரிய கூடத்தில் தலைக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறார்கள். பத்து வயதில் விட்ட இடத்திலிருந்து அறுபது தாண்டி மறுபடி தொடங்கியதுபோல் இருந்தது எனக்கு.

பிறகு வாஷிங்டன் பக்கம் போனேன். அங்கே ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய இயற்கை வரலாற்று மியூசியம் இருக்கிறது. 14 கோடிக்கும் மேற்பட்ட பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் பெரிய இடம். மனிதன் எங்கிருந்து வந்தான், எப்படி நடந்தான், எதைத் தின்றான் என்று ‘ஹியூமன் ஆரிஜின்ஸ் டுடே’ என்ற வரிசையில் பேசுவார்கள். முன்கூட்டியே பெயர் பதிந்துவிட்டால் இணைப்பு அனுப்புகிறார்கள். கேள்வி கேட்க ஒரு பெட்டி உண்டு. அதில் தட்டினால், பேச்சு முடிந்ததும் படித்துப் பதில் சொல்வார்கள். ஒரே சங்கடம், அவர்களுக்கு அது பிற்பகல். நமக்கோ நள்ளிரவு தாண்டிவிடும்.

“ஏங்க, நடு ராத்திரியில வெள்ளைக்காரிகூட என்னா பேச்சு?” என்று வீட்டுக்காரி எழுந்து வந்து கேட்டாள். “மூணு மில்லியன் வருஷத்துக்கு முந்தின சமாச்சாரம்” என்றேன். “அதைக் காலையில பேசினா ஆவாதா?” என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

2021-ல் ஒரு ராத்திரி, பேச்சு கல் கருவிகளைப் பற்றி. இன்றைக்குத் தெரிந்தவற்றில் மிகப் பழையவை கென்யாவில் லொமெக்வி என்ற இடத்தில் கிடைத்தவை. சுமார் 33 லட்சம் ஆண்டுகள் பழமையானவை. அங்கிருந்து தொடங்கி, பிற்காலத்தில் வந்த வழவழப்பான கல் கோடாரி வரை ஒவ்வொன்றாகப் படம் காட்டினார்கள். முதலில் கல்லைச் சில்லு சில்லாகப் பெயர்த்து உருவம் கொண்டுவருவார்கள். பிறகு சின்னச் சின்னதாகக் கொத்தி மேடு பள்ளத்தைச் சமப்படுத்துவார்கள். கடைசியில் மணலும் தண்ணீரும் விட்டுப் பாறையில் நாள் கணக்கில் தேய்ப்பார்கள். நம் வீட்டு அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரைக்கிற பொறுமை வேண்டும் அதற்கு.

வகுப்பில் கேள்வி கேட்காத பையனைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. நான் மட்டும் சும்மா இருக்கலாமா? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மெதுவாகத் தட்டினேன். “சேர்வராயன், சவ்வாது, கல்வராயன் மலை ஊர்களில் இப்படிப்பட்ட கற்களைப் பிள்ளையார் மேடையில் அடுக்கி வைத்துக் கும்பிடுகிறார்கள். வேறு நாடுகளில் இப்படி உண்டா?” என்று கேட்டேன்.

பதில் வந்தது. ஐரோப்பாவிலும் இப்படித்தான் இருந்ததாம். வயலில் கிடைத்த கல் கோடாரிகளை, இடி விழுந்த இடத்தில் முளைத்த கல் என்று குடியானவர்கள் நம்பினார்கள். மறுபடி இடி விழாமல் காக்கும் என்று வீட்டுக் கூரையில் செருகி வைத்தார்களாம்.

இடிக்கல்!

அந்தச் சொல்லைக் கேட்டதும் காதில் வேறொரு குரல் கேட்டது. “இடிக்கல்லு சார். எங்க ஆயா சொல்லிச்சு.”

1984. எனக்கு 28 வயது. புதிய கற்காலம் நடத்தி ஒரு வாரம் ஆகியிருக்கும். ‘வழவழப்பாக்கப்பட்ட கல் கருவிகளைப் பயன்படுத்தினர்’ என்று போர்டில் எழுதி, இரண்டு மார்க் கேள்வி என்று அடிக்கோடும் போட்டிருந்தேன். ஒரு பையன் பைக்குள்ளிருந்து ஒரு கல்லை எடுத்து நீட்டினான். உள்ளங்கை அளவு, மாங்கொட்டை வடிவம், கருப்பு நிறம். ஒரு முனை கூர், மறு முனை அகலமாக விளிம்பு கட்டியிருந்தது. கொல்லையில் ஏர் ஓட்டும்போது கிடைத்ததாம்.

கையில் வாங்கினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. “ஏன்டா, கல்லு பொறுக்கத்தான் ஸ்கூலுக்கு வர்றியா? இதை எடுத்துட்டுப் போய் மொளகா அரைக்கச் சொல்லு உங்க ஆயாவை” என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் கல்லைப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

போர்டில் நான் எழுதியிருந்த வரி அவன் கையில் இருந்தது. அதை நடத்திய எனக்குத்தான் தெரியவில்லை.

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு தேடித் தேடிப் படித்தேன். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேயர் 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்தவர். நம் நாட்டில் இந்த ஆராய்ச்சிக்கே அதுதான் தொடக்கம். அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த கற்களை 1904-ல் சென்னை மியூசியம் விலைக்கு வாங்கியது. நான் ஓடிக் கடந்த அதே மியூசியம்! அந்த மனிதர் கடைசிக் காலத்தில் வாழ்ந்தது எங்கே தெரியுமா? நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஏற்காட்டில். நம் மாவட்டத்து மோதூரில் தொல்லியல் துறை தோண்டியபோது புதிய கற்காலத் தடயங்கள் கிடைத்ததையும் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். இத்தனையையும் தெரிந்துகொள்ள நான் வாஷிங்டன் வரை போக வேண்டியிருந்தது.

இரண்டாம் அலை ஓய்ந்து, 2022 பொங்கல் முடிந்ததும் அவனைத் தேடிப் போனேன். தேட வேண்டிய தூரம்கூட இல்லை. கம்பைநல்லூரிலிருந்து மொபெட்டில் கால் மணி நேரம். ஐம்பது வயது, பாதி நரைத்த தலை. களத்தில் புளி உலர்த்திக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டு, “வாங்க சார், என்ன சார் இவ்ளோ தூரம்?” என்று கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டான். மோர் வந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் புளி விலையெல்லாம் விசாரித்தேன். பிறகு கேட்டேன்.

“நீ ஒரு கல்லு கொண்டாந்தியேப்பா, ஞாபகம் இருக்குதா?”

ஒன்றும் பேசாமல் மாட்டுக் கொட்டகைக்குப் போனான். கூரை வாரையின் இடுக்கிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துவந்து பிரித்தான். அதே கல். அதே மாங்கொட்டை. அவன் ஆயா சாகிறவரை மாடுகளுக்கு இடி விழக்கூடாது என்று அங்கேயே வைத்திருந்ததாம். அதன் பிறகு இவனும் எடுக்கவில்லை. ஐரோப்பாவிலும் கூரை, இங்கேயும் கூரை!

இம்முறை இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினேன். விளிம்பில் விரலை ஓட்டினேன். எவனோ ஒருவன் பாறை மேல் குந்தி, நாள் கணக்கில் தேய்த்த வழவழப்பு. அது என்ன கல், எப்படிச் செய்தார்கள், எதற்குப் பிடி போட்டார்கள் என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவன் மகள் ப்ளஸ் டூ படிப்பவள், வாசல்படியில் நின்று கேட்டாள்.

“அன்னிக்கு நான் சொன்னது தப்புப்பா. வாத்தியாரா இருந்துட்டு நான் பார்த்திருக்கணும்” என்றேன்.

“அட, வுடுங்க சார். அது எப்பவோ நடந்தது” என்று சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்துத் தரையைப் பார்த்தபடி, “அதுக்கப்புறம் ஸ்கூலுக்கு எதையும் எடுத்தாரலை சார்” என்றான்.

குறையாகச் சொல்லவில்லை. இன்றைக்கு வெயில் அதிகம் என்பதுபோல்தான் சொன்னான். ஆனால் 34 வருஷ உத்தியோகத்தில் வாங்கிய மாலை, சால்வை எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

கல்லைத் தர்மபுரி அகழ்வைப்பகத்தில் காட்டலாமா என்று கேட்டேன். அங்கே நம் பக்கத்து நடுகற்களையெல்லாம் வைத்திருக்கிறார்கள். “ஆயா வெச்ச எடம் சார், யோசிச்சு சொல்றேன்” என்றான். நான் வற்புறுத்தவில்லை. எந்த வயலில், எந்த மூலையில் கிடைத்தது என்று மட்டும் அந்தப் பெண்ணை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். கிடைத்த இடம் தெரியாவிட்டால் கல்லுக்குப் பாதி மதிப்புக்கூட இல்லை. இதுவும் நள்ளிரவு வகுப்பில் படித்த பாடம்தான்.

அந்த மே மாதம் ஒருநாள் காலை ஏழு மணிக்கு போன் வந்தது. பழக்கமில்லாத நம்பர்.

“சார், பேப்பர் பாத்தீங்களா? நம்ம கிருஷ்ணகிரி பக்கம் மயிலாடும்பாறையில 4,200 வருஷத்துக்கு முந்தியே இரும்பு இருந்துச்சாம். சட்டசபையிலயே சொல்லிட்டாங்களாம். பாப்பா படிச்சுக் காட்டினா. ஒங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு.”

என் எதிரில் பேப்பர் விரித்துக் கிடந்தது. அந்தச் செய்தியை அப்போதுதான் படித்து முடித்திருந்தேன்.

“இல்லையேப்பா, இன்னும் பாக்கலை. முழுசா சொல்லு” என்றேன்.

38 வருஷம் கழித்து எனக்காக ஒன்றை எடுத்து வந்திருக்கிறான். கடைசி வரை கேட்டேன்.

நண்பர்களே, இந்த மியூசியங்களின் பழைய பேச்சுகள் பலவும் யூடியூபில் கிடைக்கின்றன. நள்ளிரவில் விழிக்க வேண்டியதில்லை. எழுத்தும் கூடவே ஓடுவதால் காது மந்தமானவர்களும் பார்க்கலாம். பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஏதாவது கல்லையோ இறகையோ எடுத்துவந்து நீட்டினால், முதலில் கையில் வாங்கிப் பாருங்கள்.