தைய தையா தண்டவாளம்!

ஊட்டிக்கு எத்தனை தடவை போயிருப்பீங்க? பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், வர்க்கி, சாக்லேட்... அவ்ளோதானே? அடுத்த தடவை ஒரு பாட்டைத் தேடிப் போய்ப் பாருங்க பாஸ்!

நாங்க நாலு பேர். எங்க காலேஜோட 'ராக் பேண்ட்' (நாங்களே சொல்லிக்கிட்டதுதான்!). போன செமஸ்டர் ஒரு கல்ச்சுரல்ஸ்ல ரெண்டாவது பாட்டுக்கே மைக்கை ஆஃப் பண்ணிட்டாங்க. "இனிமே கேம்பஸ் இன்டர்வியூதான்டா, கிதாரை வித்துடப் போறேன்"னுட்டான் எங்க கிதாரிஸ்ட். சரி, கடைசியா ஒரு ட்ரிப்னு கிளம்பி, ஊட்டி ஸ்டேஷன்ல குன்னூருக்கு டிக்கெட் எடுத்தோம்.

மேட்டுப்பாளையத்துல ஆரம்பிச்சு மொத்தம் 46 கி.மீ., 208 வளைவு, 16 சுரங்கம். 1899-ல குன்னூர் வரைக்கும் வந்த ரயில், ஊட்டியைத் தொட 1908 ஆச்சு. கல்லார் - குன்னூர் ஏத்தத்துல தண்டவாளத்துக்கு நடுவுல இருக்கற பல் பட்டையை, இன்ஜினோட பல் சக்கரம் கவ்விக் கவ்வி ஏறும். இன்ஜின் இழுக்காது, பின்னாடி நின்னு தள்ளும். மெக்கானிக்கல் மக்களே, 'கியர்' யூனிட்ல அரியர் வச்சிருந்தா அவசியம் போங்க!

இந்த ரயில் கூரையிலதான் மணிரத்னம் 'உயிரே' (1998) படத்தோட 'தைய தையா'வை எடுத்தார். ஓடுற ரயில், நிஜக் கூரை, கிராஃபிக்ஸ் வேலை கிடையாது. விழாம இருக்க மலைக்கா அரோரா இடுப்புல கயிறு கட்டியிருந்தாங்க. லவ்டேல் தாண்டிக் கேத்திப் பள்ளத்தாக்கு ஜன்னல்ல விரியறப்போ எட்டிப் பார்த்தேன். உட்கார்ந்திருக்கற எனக்கே வயித்தைக் கலக்குச்சு. ஷாருக் கான் அது மேல ஆடியிருக்கார்!

பி.பி.சி. வேர்ல்ட் சர்வீஸ் 2002-ல உலகம் முழுக்க ஓட்டு வாங்கி டாப் 10 பாட்டு அறிவிச்சாங்க. இந்தப் பாட்டோட இந்தி வடிவம் அதுல 9-வது. பத்தாவது யார் தெரியுமா? 'குயீன்' பேண்டோட 'பொஹீமியன் ராப்ஸடி'! (ராஜா ரசிகர்கள் முறைக்காதீங்க, 'ராக்கம்மா கையத் தட்டு' 4-வது.) 2006-ல ஹாலிவுட்ல ஸ்பைக் லீ தன்னோட 'இன்சைட் மேன்' படத்தை இந்தப் பாட்டோடதான் ஆரம்பிச்சார்.

"ரஹ்மானும் 'ரோஜா'வுக்கு முன்னாடி சென்னையில 'நெமிசிஸ் அவென்யூ'ன்னு ஒரு ராக் பேண்ட்ல இருந்தவர்தான்டா" என்று எடுத்துவிட்டேன். கிதாரிஸ்ட் ஒண்ணும் சொல்லலை. டிரம்மர் மட்டும் சீட் பலகையில தாளம் தட்ட ஆரம்பிச்சான். எதிர் சீட்டுப் பாட்டி, 'நிறுத்தாதே'ங்கற மாதிரி தலையாட்டினாங்க. அரவங்காடு வர்றதுக்குள்ள பெட்டி முழுக்கக் கைதட்டல். எங்களுக்குக் கிடைச்ச முதல் கைதட்டல் அது!

குன்னூர்ல இறங்கி டீ சாப்பிடும்போது மெதுவா கேட்டேன்.

"கிதாருக்கு ஆள் வந்தாச்சாடா?"

"வந்தான் மச்சான். ரெண்டாயிரம் குறைச்சுக் கேக்கறான்."

"குறைக்காதடா!"ன்னு மூணு பேரும் ஒரே நேரத்துல கத்தினோம்.