கிண்டிப் புல்வெளியில் ஒரு காலைப் பொழுது
(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

நம் பள்ளி மைதானத்தில் த்ரோபால் ஆடியிருக்கிறோம், கோகோ ஆடியிருக்கிறோம், விளையாட்டு விழாவுக்காக வெயிலில் நின்று அணிவகுப்பும் பழகியிருக்கிறோம். ஆனால் கோல்ஃப் என்னும் ஆட்டத்தை நம்மில் எத்தனை பேர் நேரில் கண்டிருப்போம்? நான் கண்டேன். கண்டதோடு நில்லாமல், ஆறடி தூரம் ஒரு பந்தை உருட்டியும் பார்த்தேன். அந்த வாய்ப்பை எனக்கு அளித்தவர் கொழும்பு மாமா.

மாமா என்றால் அம்மாவுடைய பெரியம்மாவின் மகன். ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பில் பல்லாண்டுகளாக ஆடுகிறவர். அந்தக் கிளப் 1879இல் தொடங்கியது. அதன் புல்வெளிக்குக் குறுக்கே களனிவெளி ரயில் பாதை போகிறது. ரயில் வந்தால் எல்லாரும் ஆட்டத்தை நிறுத்திக் காத்திருக்க வேண்டும் என்று மாமா சொன்னபோது, சும்மா கதை விடுகிறார் என்றே நினைத்தேன். பிறகு படத்தைக் காட்டினார். 2024 ஆகஸ்டுக் கடைசியில் அக்கா திருமணத்துக்காகத் தாம்பரம் வந்தவர், இரண்டு பெட்டிகளோடு என் தோள் உயரத்துக்கு ஒரு பையையும் கொண்டு வந்து இறக்கினார். "கல்யாணத்துக்கு வரவன் இதையா தூக்கிட்டு வருவான்!" என்று பாட்டி முகம் சுளித்தார். மாமா சிரித்தார். எந்த ஊருக்குப் போனாலும் சிலர் முதலில் கோயிலைத் தேடுவார்கள், சிலர் நல்ல காப்பிக் கடையைத் தேடுவார்கள். மாமா கோல்ஃப் மைதானத்தைத் தேடுவார்.

தேடினால் மட்டும் போதாது, தோழியரே, உள்ளே விட வேண்டுமே! அது மெரினாக் கடற்கரையா, நினைத்தவுடன் போய் உட்கார? உறுப்பினர்களுக்கு மட்டுமே உரிய இடம். வெளியூர் ஆட்டக்காரர் என்றால், பொதுவாகத் தம் சொந்தக் கிளப்பின் கடிதம், ஹேண்டிகேப் சான்று, உள்ளூர் உறுப்பினர் ஒருவரின் அறிமுகம், கிரீன் ஃபீ என்னும் கட்டணம் எல்லாம் வேண்டுமாம். சட்டைக்குக் காலர் இருக்க வேண்டும், ஜீன்ஸ் கூடாது. மாமா ஒரு மாதத்துக்கு முன்பே தம் நண்பர் மூலம் எழுதி ஏற்பாடு செய்திருந்தார். ஹேண்டிகேப் என்பது ஒருவர் எவ்வளவு தடுமாறுகிறவர் என்பதை எண்ணால் சொல்வது. 2020 முதல் உலகம் முழுவதற்கும் ஒரே கணக்கு, அதிகபட்சம் 54. அந்த எண்ணை ஆட்டக் கணக்கில் கழித்துக்கொள்வதால், வல்லவரும் கற்றுக்குட்டியும் சரிசமமாக மோதலாம். கணித ஆசிரியை இதைக் கொஞ்சம் கவனித்தால் நம்மில் பலர் பிழைப்போம்!

"பிள்ளை, நீயும் வாறியோ? பார்க்கிறதுக்குக் காசில்லை" என்று மாமா கூப்பிட்டார். அம்மா எனக்குச் சுடிதாரும், அதற்குப் பொருந்தாத பள்ளிக்கூடக் கறுப்பு ஷூவும் மாட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மின்சார ரயிலில் கூட்டம் இல்லை. பல்லாவரத்தில் ஏறிய பூக்கார அம்மாள் ஒருவர் பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உள்ள என்ன சாமி, துப்பாக்கியா?" என்று கேட்டேவிட்டார். மாமா பையைத் திறந்து காட்டினார். பதினான்கு மட்டைகள், அதற்கு மேல் ஒன்றுகூட வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. "ஒரு பந்த அடிக்க இத்தனையா?" என்றார் அந்த அம்மாள். நியாயமான கேள்விதானே?

நாங்கள் போனது கிண்டி. குதிரைப் பந்தய ஓடுபாதை வளையமாகச் சுற்றி வர, அதன் உள்வட்டத்தில் இருந்தது 1884இல் தோன்றிய மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம். வேலியைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இது கிண்டிதானா என்பதே! வெளியே பேருந்துகளின் இரைச்சல். உள்ளே பனி நனைத்த புல், பெரிய பெரிய மரங்கள், கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரு சுவர்கூட இல்லை. முடிச்சூர்ப் பக்கம் நாளொரு வீடு முளைப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இத்தனை வெற்றிடம் சற்றுப் பயமாகக்கூட இருந்தது.

மாமாவுக்குப் பை சுமக்க ஓர் அண்ணன் வந்தார். அவரைக் 'கேடி' என்றார்கள். காவல் நிலையச் சுவரில் படம் ஒட்டியிருக்குமே, அந்தக் கேடியைத்தான் நான் அறிவேன். என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்ட அண்ணன், "பயப்படாத பாப்பா, இது வேற கேடி" என்றார். வேளச்சேரிக்காரர். பன்னிரண்டு வயதிலிருந்து பை சுமக்கிறாராம். பையைத் தூக்குவது மட்டுமே அவர் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். இன்னும் எத்தனை கஜம், காற்று எப்படி, எந்த மட்டை என்று எல்லாம் அவர் சொல்ல, மாமா அப்படியே செய்தார். ஒரே ஒருமுறை சொல் கேளாமல் அடித்தார். பந்து மணற்பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, வானத்தைப் பார்த்தார்.

பயிற்சிக்கென்று இருந்த சிறு புல்தரையில் எனக்கும் ஒரு மட்டை கொடுத்தார்கள். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். நம் சாப்பாட்டு டப்பாவின் வாய் அளவு இருக்கும். கண்ணுக்கு எல்லாம் சமதரைதான். நான் உருட்டிய பந்து மூன்று முறையும் இடப்பக்கமே ஓடிவிட்டது. அண்ணன் குந்தி உட்கார்ந்து புல்லைக் காட்டினார். "பந்த நினைக்காத. இங்க ஒரு குடம் தண்ணி ஊத்துனா எந்தப் பக்கம் ஓடும்னு நினை. பந்தும் அந்தப் பக்கந்தான் போகும்." நினைத்துப் பார்த்தேன். நாலாவது பந்து குழியின் விளிம்பில் நின்று, யோசித்து, உள்ளே விழுந்தது. அந்தச் சத்தம் இருக்கிறதே, தோழியரே, பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கினால்கூட அப்படியொரு சத்தம் கேட்காது!

ஒன்பது குழி முடிந்து மரத்தடியில் தண்ணீர் குடிக்கையில், மாமா பப்வா சேவ்கோலம் என்பவரைப் பற்றிச் சொன்னார். தென்னாப்பிரிக்காவில் பிறந்த இந்திய வம்சாவளியினர், பை சுமந்தவர். இரண்டு கைகளையும் மாற்றிப் பிடித்து அடிக்கும் விசித்திரப் பழக்கம் உடையவர். 1959இலும் 1960இலும் ஹாலந்து நாட்டுப் பந்தயத்தை வென்றார். 1963இல் டர்பனில் நேட்டால் ஓபன் பந்தயத்தையும் வென்றார். ஆனால் நிறவெறிச் சட்டத்தால் கிளப் கட்டடத்துக்குள் அவர் நுழையக் கூடாது. உள்ளே மற்றவர்கள் இருக்க, வென்றவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கிக்கொண்டார். இதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அண்ணனும் கேட்டுக்கொண்டிருந்தார். "கோப்பைய வாங்கிட்டாருல்ல சார்?" என்று மட்டும் கேட்டார்.

நம்மைப் போன்ற பெண்களுக்கும் இந்தக் கதவுகள் எளிதில் திறந்துவிடவில்லை. ஸ்காட்லாந்தில் 1754இல் தோன்றிய செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப், பெண்களை உறுப்பினராக்க வாக்களித்தது 2014இல்! இருநூற்று அறுபது ஆண்டுகள்! ஆனாலும் பெங்களூர் அதிதி அசோக், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாவதாக வந்து, பதக்கத்தை மயிரிழையில் தவறவிட்டார். அங்கே அவருக்குப் பை சுமந்தவர் அவருடைய அம்மா. பெங்களூரில் பை சுமந்துகொண்டிருந்த முனியப்பா 2009இல் இந்தியன் ஓபனையே வென்றார். இதைச் சொன்னதும் அண்ணனுக்கு முகம் மலர்ந்தது. அவருக்கு அது முன்பே தெரியும்.

மறுநாள் பள்ளியில் என் பெருமையைக் கேட்க ஆளா இல்லை! ஆனால் வேளச்சேரியிலிருந்து வரும் என் தோழி மட்டும் பேசாமல் இருந்தாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அவள் வீட்டுக் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர். பாடப் புத்தகங்களைத் துணிக்கொடியில் காயப் போட்டவள் அவள். "ஊரே முழுகுது, உங்க மாமா பந்து உருட்ட அவ்வளவு இடமா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பதில் வரவில்லை.

இதற்குப் பத்து நாள்கூட ஆகவில்லை. 2024 செப்டம்பர் 9ஆம் நாள், அரசு அந்தப் பந்தய மைதானத்தின் குத்தகையை ரத்து செய்து, வாயிலுக்கு முத்திரை வைத்தது. சுமார் 160 ஏக்கர். 1946இலிருந்து 99 ஆண்டுக் குத்தகை. தொடக்க வாடகை ஆண்டுக்கு அறுநூற்றுச் சொச்சம் ரூபாய். வாடகைப் பாக்கியாக 730 கோடி ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023இல் கூறியிருந்தது. அங்கே கோல்ஃப் நின்றது. வழக்கு மறுபடியும் நீதிமன்றம் ஏறியது. அந்த அக்டோபரிலேயே, வேளச்சேரிப் பக்கம் வெள்ளம் பாயாமல் இருக்க, அங்கே குளங்கள் வெட்டும் வேலை தொடங்கிற்று. 118 ஏக்கரில் பூங்கா அமைப்பதாகவும் அறிவித்தார்கள்.

செய்தித்தாளை என் தோழிதான் கொண்டுவந்து காட்டினாள். படத்தில் மண் அள்ளும் இயந்திரம் நின்றது. நான் நடந்த இடந்தானா என்று தேடினேன், தெரியவில்லை. தோழிக்காக மகிழ வேண்டும் என்று அறிவு சொன்னது; அந்தப் புல்லை நினைத்து மனம் வலித்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒருத்திக்குள் இருக்கலாமா என்று மதரிடம் கேட்டேன். "இருக்கட்டுமே" என்றார்.

மாமா கொழும்பிலிருந்து தொலைபேசியில் விசாரித்தது மைதானத்தைப் பற்றி அல்ல, அண்ணனைப் பற்றி. அப்பா அவருடைய எண்ணுக்கு அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டார். நந்தனத்தில் காஸ்மாபாலிட்டன் கிளப்பின் மைதானத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் பை கிடைக்கிறது, மற்ற நாள்களில் ஆட்டோ ஓட்டுவதாகச் சொன்னார். குளம் வெட்டியது நல்லதா கெட்டதா என்று நான் நடுவில் புகுந்து கேட்டேன். சற்று நேரம் பேச்சே இல்லை.

"என் வீடும் வேளச்சேரிதான பாப்பா. போன மழைக்கு வாசல் வரைக்கும் வந்துச்சு, உள்ள வரல. ஆனா கிண்டியில தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு எங்களக் கேட்டிருந்தா, கஜக் கணக்கா சொல்லியிருப்போம். யாரும் கேக்கல."

மாமா இந்தக் கிறிஸ்துமஸுக்கு வருவதாக எழுதியிருக்கிறார். நந்தனத்துக்குக் கடிதம் போட்டாயிற்றாம். பை சுமக்க அந்த அண்ணனே வர வேண்டும் என்று அதில் தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறாராம். என்னையும் கூப்பிட்டிருக்கிறார். வேளச்சேரித் தோழியும் வர விரும்புகிறாள். அவளுக்கும் அனுமதி உண்டா என்று கேட்டு மாமாவுக்கு எழுதியிருக்கிறேன்.