ஆறாவது இருக்கை

ஹவாயில் வயதில் மூத்த பெண்கள் எல்லோரும் ஆன்ட்டி, ஆண்கள் எல்லோரும் அங்கிள். ரத்த உறவு வேண்டியதில்லை, பெயர்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாகர்கோவிலில் வளர்ந்த எனக்கு ஹொனலூலுவில் அந்நியமாகப் படாத முதல் விஷயம் இதுதான். அதனால்தான், எங்கள் துடுப்புக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கும் ஐம்பதைக் கடந்த ஆன்ட்டி ஒரு சாயங்காலம், "நாளையிலேருந்து நீ ஆறுல உட்காரு" என்றபோது, மறுக்க வாய் வரவில்லை. சொந்த அத்தை சொன்ன மாதிரி தலையாட்டிவிட்டேன்.

ஆறு என்பது வள்ளத்தின் கடைசி இருக்கை, ஓட்டுபவரின் இடம். இந்தப் பந்தய வள்ளங்கள் சுமார் 13 மீட்டர் நீளம், 180 கிலோ எடை. ஓர் ஆள் இடுப்பு நுழையும் அகலம்தான் இருக்கும். தனியாகத் தண்ணீரில் விட்டால் மரக்கட்டை போல உருண்டுவிடும். உருளாமல் காப்பது இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி மிதக்கும் ஒல்லியான ஒரு மிதவை. அதற்கு 'அமா' என்று பெயர். அமாவையும் வள்ளத்தையும் இணைக்கும் இரண்டு வளைந்த கைகளுக்கு 'இயாகோ' என்று பெயர். ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து துடுப்புப் போடுவார்கள். முதல் இருக்கை தாளம் பிடிக்கும். பதினாலு, பதினைந்து வலிப்புக்கு ஒருமுறை நடுவிலிருந்து ஒரு குரல் கிளம்பும். அத்தனை துடுப்பும் ஒரே நேரத்தில் பக்கம் மாறும். சுக்கான் கிடையாது. ஆறாவது ஆளின் கையிலிருக்கும், கொஞ்சம் அகன்ற அலகும் வளையாத தண்டும் கொண்ட துடுப்புதான் சுக்கான்.

நாலு வருடம் நான் நாலாவது இருக்கையில் இருந்தவள். அங்கிருந்து பார்த்தால் முன்னாலிருப்பவளின் முதுகு தெரியும், அவ்வளவுதான். எங்கே போகிறோம் என்பது நம் கவலை அல்ல. பகலெல்லாம் கணக்கு எழுதிவிட்டு வருகிற எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. ஒரே மாலையில் அது போயிற்று.

பாடம் என்னவோ எளிதுதான். துடுப்பலகை வள்ளத்தின் வலப்பக்கம் ஒட்டி இருக்கும்படி செங்குத்தாக இறக்கி, லேசாக வெளியே நெம்பினால் மூக்கு வலப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் செய்தால் இடப்பக்கம் திரும்பும். திருப்ப வேண்டாத நேரத்தில் மற்றவர்களைப் போல நாமும் துடுப்புப் போட வேண்டும். அரை மணி நேரத்தில் இதெல்லாம் புரிந்துவிட்டது.

முதல் நாள் ஆலா வாய் கால்வாயில் ஓட்டினேன். வைகீகீயின் முதுகுப்புறம் நேர்க்கோடாக ஓடும் கால்வாய் அது. அலை கிடையாது, காற்றும் அன்று இல்லை. அதில் நான் பாம்பு மாதிரி போனேன். மூக்கு இடப்பக்கம் நகர்வதுபோல் இருக்கும். வலப்பக்கம் துடுப்பை ஒட்டுவேன். ஒன்றும் நடக்காது. இன்னும் அழுத்துவேன். திடீரென்று வள்ளம் வலப்பக்கக் கரையைப் பார்த்துத் திரும்பும். பதறிப்போய் இடப்பக்கம் ஒட்டுவேன். ஆன்ட்டி எனக்கு முன்னால் ஐந்தாவது இருக்கையில் இருந்தார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கரையேறிய பிறகு, "214" என்றார்.

"என்ன ஆன்ட்டி?"

"இன்னிக்கு எத்தனை தடவை துடுப்பை ஒட்டினேன்னு எண்ணினேன். ஒவ்வொண்ணும் பிரேக்கு. நாங்க அஞ்சு பேரும் சம்பாதிச்சோம், நீ செலவு பண்ணினே."

கணக்கு எழுதுகிறவளிடம் இப்படிச் சொன்னால் எப்படிச் சுடும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

அடுத்த வாரம் 170 என்றார். அதற்கடுத்த வாரம் 181. "ஏறிடுச்சே" என்று அலுத்துக்கொண்டேன். அப்போதுதான் வாய் திறந்து ஒரு யோசனை சொன்னார்: "நீ சொன்னது அதோட காதுல விழுந்துடுச்சு. எழுந்து வர நேரம் குடு." அதற்குப் பிறகு, துடுப்பை ஒருமுறை தொட்டு எடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு இரண்டு வலிப்பு காத்திருக்கப் பழகினேன். சொன்ன வேலையை வள்ளம் தாமதமாக, ஆனால் செய்தது. நான்தான் அதை நம்பாமல் மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். வீட்டில் என் மகனிடம் நான் செய்வதும் இதுவேதான் என்பது நினைவுக்கு வந்தது. அதை ஆன்ட்டியிடம் சொல்லவில்லை.

எண்ணிக்கை நூறுக்குக் கீழே இறங்கியபோது, டைமண்ட் ஹெட்டைத் தாண்டித் திறந்த கடலுக்குக் கூட்டிப்போனார். கால்வாயில் படித்ததெல்லாம் அங்கே பாலர் வகுப்பாகிவிட்டது. பின்வலப்பக்கமிருந்து காற்று, அதே திசையிலிருந்து அலை. பின்பக்கத்தை அலை தூக்கி இடப்பக்கம் தள்ளும்போது, வள்ளத்தின் மூக்கு காற்றைப் பார்த்து வலப்பக்கம் திரும்பத் துடிக்கும். விட்டால் அலைக்குக் குறுக்கே போய் நின்றுவிடும். நான் பயந்து இடப்பக்கம் ஓங்கி நெம்பினேன். அளவு மீறிப்போயிற்று. அதைச் சரிக்கட்ட வலப்பக்கம் உடம்பை வெளியே சாய்த்து அழுத்தினேன். சாய்ந்த பாரத்தில் மறுபக்கம் அமா எழும்பியது. கீழே ஓர் அலை வந்து, எழும்பியதை இன்னும் தூக்கிவிட்டது. அப்படியே கவிழ்ந்தோம். இதை இங்கே 'ஹுலி' என்பார்கள்.

தண்ணீருக்கு மேலே வந்ததும் முதல் வேலை எண்களைச் சொல்வது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். கடைசி எண் என்னுடையது. அதைச் சொல்லும்போது குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு பேர் கவிழ்ந்த வள்ளத்தின் மேல் ஏறி நின்று இயாகோவைப் பிடித்து இழுக்க, மற்றவர்கள் நீருக்குள்ளிருந்து அமாவைத் தள்ள, வள்ளம் நிமிர்ந்தது. வெட்டிய பிளாஸ்டிக் கேன்களால் தண்ணீரை இறைத்துக் கொட்டினோம். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதன் பிறகு எனக்குக் கை வரவில்லை. துடுப்பை ஒட்டவே பயம். எண்ணிக்கை குறையும் என்ற சாக்கு வேறு இருந்தது. மறுவாரம் மூக்கு திரும்புவதைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தேன். வள்ளம் அலைக்குக் குறுக்கே போய் அடங்கி நின்றது. மீண்டும் நேராக்க அந்த ஐந்து பேரும் நுரை தள்ள வலிக்க வேண்டியிருந்தது. ஆன்ட்டி முதுகைக் காட்டியபடியே சொன்னார்: "சிக்கனம் வேற, கஞ்சத்தனம் வேற. முன்னாடியே பத்து சென்ட் போட்டிருந்தா இப்ப நூறு டாலர் போயிருக்காது."

அந்தப் பத்து சென்ட்டை எப்போது போடுவது என்று தெரிந்துகொள்ள இரண்டு பருவங்கள் ஆயின. அது கண்ணுக்குத் தெரிகிற விஷயமல்ல. மூக்கு திரும்பியது தெரிந்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கீழே வள்ளத்தின் பின்பக்கம் லேசாகக் கனம் குறைந்து எழும்பும். அந்த நொடியில் அலகு நீரைத் தொட்டு மீள வேண்டும். கண்ணை அலையின் மேட்டில் வைக்கக் கூடாது, முன்னால் திறக்கும் பள்ளத்தில் வைக்க வேண்டும். பள்ளத்தை நோக்கி மூக்கைக் காட்டினால் அலை நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். ஆறு பேர் வலித்து எட்டாத வேகத்தை அது சும்மா கொடுக்கும்.

எங்கள் பக்கத்துக் கடற்கரையில் படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் சொல்வார்கள். கூடப் படித்த கடற்கரைப் பையன் சொல்லித் தந்த சொற்கள் அவை. சின்ன வயதில் கரையிலிருந்து பார்க்கும்போது, அமரத்தில் இருப்பவர் மட்டும் சும்மா இருப்பதாகவே எனக்குத் தோன்றும். சென்னை மாகாணத்தின் மீன்வளத்துறை இயக்குநராக இருந்து நம் கட்டுமரங்களையும் படகுகளையும் ஆராய்ந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். பின்னாளில் பாலினீசிய வள்ளங்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலை 1936இல் ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகம் வெளியிட்டது. அதைப் புரட்டியபோது எனக்கு ஓர் ஆசை வந்தது. அந்த அமரக்காரர்களில் ஒருவரையாவது தேடிப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மொலொகாய்க்கும் ஓவாஹுவுக்கும் இடையிலிருக்கும் கடலுக்குக் கைவி நீரிணை என்று பெயர். எலும்பு என்று அர்த்தம். அகலம் சுமார் 42 கிலோமீட்டர், ஆழம் 700 மீட்டர் அளவுக்குப் போகும். இதை வள்ளத்தில் கடக்கும் பந்தயம் வேண்டும் என்று டூட்ஸ் மின்வியல் என்பவர் பல வருடம் சொல்லிவந்தார். 1952இல் மூன்றே மூன்று வள்ளங்களோடு அது நடந்தது. வென்ற மொலொகாய் அணிக்கு 8 மணி 55 நிமிடம் ஆயிற்று. இன்றைய வேகமான அணிகள் ஐந்து மணி நேரத்துக்குள் கடந்துவிடுகின்றன. பெண்களுக்கு இந்தக் கடல் ஆகாது என்ற பேச்சு நீண்ட காலம் இருந்தது. 1975இல் இரண்டு பெண்கள் அணிகள் பந்தயம் என்ற பெயர் இல்லாமலேயே கடந்து காட்டின. 1979இல் 'நா வஹினே ஓ கே காய்' என்ற பெண்கள் பந்தயம் முறைப்படி தொடங்கியது. அப்போது ஆன்ட்டி பள்ளிக்கூடப் பிள்ளை. வைகீகீ கரையில் நின்று பார்த்தாராம்.

மூன்றாவது பருவத்தின் செப்டம்பரில், மொலொகாயின் ஹாலே ஓ லோனோ துறையிலிருந்து அந்தப் பந்தயத்தில் நாங்களும் கிளம்பினோம். சுமார் 66 கிலோமீட்டர். எல்லோரும் எல்லா நேரமும் வலிப்பதில்லை. மாற்று ஆட்கள் துணைப்படகில் வருவார்கள். அந்தப் படகு முன்னே போய் அவர்களை நடுக்கடலில் வரிசையாக இறக்கிவிட்டு விலகிவிடும். மிதக்கும் தலைகளை நோக்கி வள்ளத்தை ஓட்ட வேண்டியது ஆறாவது ஆளின் பொறுப்பு. தலைகள் வள்ளத்துக்கும் அமாவுக்கும் நடுவே வர வேண்டும். ஒரு முழம் இந்தப் பக்கம் போனால் மோதும், அந்தப் பக்கம் போனால் கைக்கு எட்டாது. முதல் மாற்றத்தில், மேலே தூக்கிய கைகளில் ஒன்று ஆன்ட்டியுடையது. அலை இறங்கினால் அந்தக் கை மறையும், ஏறினால் தெரியும். துடுப்பை ஒருமுறை இடப்பக்கம் தொட்டேன், காத்திருந்தேன். போகிறவர்கள் வலப்பக்கம் குதித்தார்கள். வருகிறவர்கள் இடப்பக்க விளிம்பைப் பற்றித் தொற்றி ஏறினார்கள். முன்னால் ஐந்தாவது இருக்கையில் அந்தப் பழைய முதுகு வந்து உட்கார்ந்தது, தண்ணீர் சொட்டச் சொட்ட.

நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். மூன்று வருடப் பழக்கம். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. ஓவாஹுவின் கோகோ ஹெட் முனை நெருங்கியபோது கடலின் முகம் மாறிவிட்டது. பாறைச் சுவரில் மோதித் திரும்பும் அலைகளும் பின்னாலிருந்து வரும் அலைகளும் ஒன்றன் மேல் ஒன்று ஏறின. எந்தப் பள்ளமும் இரண்டு நொடி நிலைக்கவில்லை. அங்கே என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. அமா இரண்டு முறை எழும்பியது நினைவிருக்கிறது. இரண்டு முறையும் என் உடம்பு தானாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வைகீகீயில் கரையேறினோம். கழுத்தில் பூமாலையோடு மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஆன்ட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எத்தனை ஆன்ட்டி?"

"எது எத்தனை?"

"நான் துடுப்பை ஒட்டினது."

"மூச்சு விடவே நேரமில்லை. நான் வலிப்பேனா, உன்னை எண்ணுவேனா?"

"அப்ப ஆலா வாய்ல? அந்த 214?"

ஆன்ட்டி சிரித்த சிரிப்பில் மாலையிலிருந்து இரண்டு பூ உதிர்ந்தது. "வாய்க்கு வந்த நம்பர். ஒரு நாள்கூட நான் எண்ணினது இல்லை. நீ எண்ணணும்னுதான் சொன்னேன்."

கோபப்படலாமா என்று யோசித்தேன். மூன்று வருடம் பொய்க் கணக்கை வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டிருக்கிறேன். உண்மைக் கணக்கையாவது சொல்லி அவரை மடக்கலாம் என்று அன்றைய எண்ணிக்கையைத் தேடினேன். முப்பத்தொன்பது வரை இருந்தது. கோகோ ஹெட்டுக்குப் பிறகு நானும் எண்ணவில்லை.