சுவரில் ஊரும் அழுக்கு

மாதவரம் வீடுகளில் சுவரோடு ஒட்டிக்கிடக்கும் சாம்பல் நிறப் பூசணி விதையைக் கவனித்திருப்பீர்கள். அழுக்கல்ல, அந்துப்பூச்சிப் புழுவின் கூடு. ஆங்கிலத்தில் ஹவுஸ்ஹோல்ட் கேஸ்பேரர். அமெரிக்காவில் புளோரிடா வீடுகளிலும் உண்டு. ஈரக்காற்று இருந்தால் போதும்.

தூசி, மணலைப் பட்டிழையால் பிணைத்துக் கூடு கட்டி, அதைச் சுமந்தே ஊரும். இருபுறமும் வாசல். ஒட்டடை, உதிர்ந்த முடி, கம்பளிதான் உணவு. முட்டை பொரிய 10 நாள், புழுவாக 50 நாள், அதே கூட்டுக்குள் கூட்டுப்புழுவாக இரண்டு வாரம், பிறகு சிறகு.

டெல்லிக்கு மாற்றலானபோது மனைவி பின்னிக்கொடுத்த பச்சை ஸ்வெட்டரில் இப்போது நாலு ஓட்டை. பீரோவுக்குப் பின்னால் கிடைத்த கூட்டில் பச்சை இழைகள். அவள் போய் ஆறு வருஷம். கூட்டை நசுக்க மனம் வரவில்லை. ஸ்வெட்டரை வெயிலில் போட்டேன். நீங்களும் பீரோவை நகர்த்தி ஒட்டடை அடித்துவிடுங்கள்.