ஜெபக்குறிப்பும் அந்தரங்கமும்



2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2012இல் ஆதாருக்கு எதிராக மனு கொடுத்த ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி, அப்போதே 80 வயதைக் கடந்தவர். அதைப் பிரசங்கத்தில் மெச்சிப் பேசினேன். அரசாங்கத்தைக் குறித்துத்தான்!

பின்னொரு நாள், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தப் பணி செய்யும் சகோதரி ஒருவர் தம் நோயைச் சொல்லி ஜெபிக்கக் கேட்டார். நான் அதைப் பெயரோடு சபையின் வாட்ஸ்அப் குழுவில் இட்டேன். மூன்றாம் நாள் அச்செய்தி அவருடைய மேற்பார்வையாளரின் கைப்பேசியில் இருந்தது. அடுத்த வாரம் அவருக்கு வேலை இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ஐயா" என்றார். இன்றும் ஆராதனைக்கு வருகிறார். ஜெபக்குறிப்பு மட்டும் தருவதில்லை.